நானுஓயாவில் செய்த சிறிய விறகுவாயு உலை: எஞ்சினுக்குள் தார் போவதை எப்படி நிறுத்துவது?

நானுஓயா இரும்புப் பட்டறை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். வீட்டை ஒட்டிய சிறிய பட்டறை ஒன்றில் கவ்வாத்துக் கத்தி (தேயிலைச் செடியை வெட்டிக் குறைக்கும் கத்தி) அடிப்பது, இரும்புக் கதவு ஒட்டுவது போன்ற வேலைகளைச் செய்து வருகிறேன். 2022 ஆம் ஆண்டில் ஒரே நாளில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தில், பெற்றோலும் கிடைக்காமல் என் மின்பிறப்பாக்கி மூலையில் கிடந்தது. சுற்றிலும் இத்தனை விறகு இருக்க, அதைக் கொண்டு ஓர் எஞ்சினை ஓட்ட முடியாதா என்ற எண்ணம் அப்போது பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை.

விறகை அரைகுறையாக எரித்து, அதிலிருந்து வரும் எரியக்கூடிய வாயுவில் எஞ்சினை ஓட்டும் உலை இது. செய்திருப்பதைச் சொல்கிறேன். பழைய 12.5 கிலோ எரிவாயு சிலிண்டர்தான் வெளிக்கூடு. உள்ளே விறகு நிற்கும் குழாய், அதன் அடியில் 8 சென்ரிமீற்றர் விட்டமுள்ள இரும்புக் கழுத்து, கழுத்துக்குச் சற்று மேலே காற்று நுழைய 12 மில்லிமீற்றர் துளையுள்ள நான்கு நொசில்கள், கீழே சாம்பல் தட்டு. வாயு அங்கிருந்து தும்பு நிரப்பிய ஒரு தகரப் பேணி வழியாக 196 கன சென்ரிமீற்றர் பெற்றோல் எஞ்சினுக்குப் போகிறது. பக்கத்து மலையில் கவ்வாத்து முடிந்ததும் கிடைத்த மிலாறுதான், அதாவது வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சிதான், எரிபொருள். விரல் பருமனிலிருந்து பெருவிரல் பருமன் வரையுள்ள குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு ஒடித்து, தகரக் கொட்டிலில் இரண்டு கிழமை உலர்த்திப் போடுகிறேன்.

எஞ்சின் ஓடுகிறது. முதல் இருபது நிமிடம் நன்றாகவே ஓடுகிறது. பிறகு மூச்சு வாங்கி நிற்கிறது. திறந்து பார்த்தால் உள்ளிழுக்கும் வால்வின் தண்டில் கரும்பழுப்பு நிறத்தில் பசைபோல் தார் ஒட்டியிருக்கிறது. இதுவரை மூன்று முறை கழற்றிக் கழுவிவிட்டேன். அத்துடன் விறகு இறங்காமல் குறுக்கே சிக்கி நின்று, அடியில் பள்ளம் விழுந்து, வாயு மெலிந்துபோவதும் அடிக்கடி நடக்கிறது. வடிகட்டியை இன்னும் பெரிதாக்க வேண்டுமா? விறகு தடையில்லாமல் இறங்கக் கழுத்தை 10 சென்ரிமீற்றராக அகட்டலாமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் அதன்படி செய்கிறேன்.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற பேக்டரி மெக்கானிக்

தம்பிக்கு வணக்கம். கழுத்தை அகட்ட வேண்டாம். உங்கள் எஞ்சினுக்கு அது இப்போதே மிகவும் பெரிது; தார் வருவதற்கு முதற்காரணம் அதுதான் என்று நினைக்கிறேன். வடிகட்டியைப் பெரிதாக்கினால் தார் எஞ்சினுக்குப் போகும் நாள் தள்ளிப்போகுமே தவிர நிற்காது.

விறகு சூடாகும்போது முதலில் நீர் வெளியேறுகிறது. வெப்பம் 250 பாகை செல்சியசைத் தாண்டியதும் மரமே சிதைந்து, புகையாகவும் தார் ஆவியாகவும் வெளிவந்து, கரி மிஞ்சுகிறது. இந்த உலையில் வாயுவைக் கீழ்நோக்கி இழுப்பதன் நோக்கமே, அந்தத் தார் ஆவி முழுவதும் 1000 பாகைக்கு மேல் தகிக்கும் கரியின் ஊடாகத்தான் வெளியேற வேண்டும் என்பது. அங்கு தார் உடைந்து எரியக்கூடிய வாயுவாகிறது. எரிந்து உண்டான காபனீரொட்சைட்டும் நீராவியும் அதே கரியைத் தொட்டுக் காபனோரொட்சைட்டாகவும் ஐதரசனாகவும் மாறுகின்றன. இந்த மாற்றம் வெப்பத்தை உண்ணும் மாற்றம். ஆகவே கழுத்தில் வெப்பம் குறைந்தால் தாரும் உடையாது, வாயுவும் மெலியும். கழுத்து எஞ்சினின் அளவுக்குப் பொருந்தாமல் அகன்றிருந்தால் நடுவில் மட்டும் தணல் இருக்கும், ஓரங்கள் கறுத்தே கிடக்கும், அந்தக் கறுத்த ஓரத்தின் வழியாகத் தார் நழுவி வந்துவிடும்.

உங்கள் எஞ்சினுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 50 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்காக அது நிமிடத்துக்கு 3000 முறை சுற்றுகிறது. நான்கு வீச்சு எஞ்சின் என்பதால் 1500 முறை உறிஞ்சுகிறது. ஒவ்வொரு முறையும் சிலிண்டர் 80 வீதம் நிறைகிறது என்று கொண்டால் மணிக்கு ஏறத்தாழ 14 கன மீற்றர் கலவை உள்ளே போகிறது. இந்த வாயு ஒரு பங்குக்கு 1.1 பங்கு காற்றுப் போதும் என்பதால், வாயு மட்டும் 6.7 கன மீற்றர். நானுஓயா ரயில் நிலையமே 1600 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அந்த உயரத்தில் காற்றமுக்கம் கடற்கரையில் இருப்பதைவிட 18 வீதம் குறைவு. எனவே கடல்மட்ட அளவுக்கு மாற்றினால் மணிக்கு 5.5 கன மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த வடிவத்துக்கு 1920களில் உருக்கொடுத்தவர் ஜோர்ஜ் இம்பேர்ட் என்ற பிரெஞ்சுப் பொறியியலாளர். இரண்டாம் உலகப் போரின்போது பெற்றோல் இல்லாத ஐரோப்பாவில் இலட்சக்கணக்கான வாகனங்கள் இதைச் சுமந்துகொண்டு ஓடின. அந்த அனுபவத்திலிருந்து கிடைத்த கணக்கு ஒன்று உண்டு. கழுத்தின் ஒவ்வொரு சதுர சென்ரிமீற்றர் வழியாகவும் மணிக்கு எத்தனை கன மீற்றர் வாயு செல்கிறது என்று பார்ப்பார்கள். அது 0.9 ஐத் தாண்டினால் கரி பொடிந்து அடைத்துக்கொள்ளும். 0.3 இற்குக் கீழே இறங்கினால், உலை நன்றாகக் காப்பிடப்பட்டிருந்தால் ஒழிய, தணல் தணிந்து தார் வரத் தொடங்கும். உங்கள் 8 சென்ரிமீற்றர் கழுத்தின் பரப்பு 50 சதுர சென்ரிமீற்றர். அதன் வழியே 5.5 கன மீற்றர் சென்றால் 0.11 தான். அந்தக் கீழெல்லையில் பாதியைக்கூட எட்டவில்லை. 3.5 சென்ரிமீற்றருக்குக் குறுக்கினால் பரப்பு 9.6 ஆகி, இந்த எண் 0.57 ஆக உயரும். பாதிப் பளுவில் ஓடினாலும் கீழெல்லையை ஒட்டியே நிற்கும்.

நொசில்களிலும் இதே குறை இருக்கிறது. 12 மில்லிமீற்றரில் நான்கு துளைகள் என்றால் காற்று அதற்குள் நொடிக்கு இரண்டரை மீற்றர் வேகத்தில்தான் நுழையும். அது தணலின் நடுவரை எட்டாது. நொடிக்கு 25 மீற்றராவது வேண்டும். 3.5 மில்லிமீற்றர் துளையில் ஐந்து நொசில்கள் வைத்தால் அந்த வேகம் கிடைக்கும். ஐந்து என்று சொல்வதற்குக் காரணம், எதிரெதிரே இரண்டு நொசில்கள் வராமலிருக்கும். ஒன்றின் தணல் மற்றொன்றின் வாயைச் சுடாது.

இரும்புக் கழுத்து இந்த வெப்பத்தில் நெடுநாள் நிற்காது. தீக்களிமண்ணுடன் செங்கல் பொடி கலந்து வார்த்து, வெளிக்கூட்டுக்கும் கழுத்துக்கும் இடையிலுள்ள வெளியில் சலித்த விறகுச் சாம்பலை நிரப்பிவிடுங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் நல்ல வெப்பக்காப்பு அதுதான்.

எவ்வளவு மின்சாரம் எதிர்பார்க்கலாம் என்பதையும் இப்போதே சொல்லிவிடுவது நல்லது. விறகுவாயுவில் பாதிக்குமேல் எரியாத சரக்கு. நைதரசனே 45 முதல் 50 வீதம். அதனால் பெற்றோலில் தரும் வலுவில் மூன்றில் ஒரு பங்காவது குறையும், மலையின் உயரம் அதற்கு மேலும் குறைக்கும். உங்கள் எஞ்சினிலிருந்து 1 கிலோவாற்று கிடைத்தால் மனநிறைவு கொள்ளுங்கள். அதற்கு மணிக்கு இரண்டரைக் கிலோ உலர்ந்த விறகு போகும். இந்த வாயு பெற்றோலைவிட மெதுவாக எரிவதால் தீப்பொறியைப் பத்துப் பாகை அளவுக்கு முன்தள்ளினால் இன்னும் கொஞ்சம் வலு சேரும்.

மஸ்கெலியா

மேலே சொன்ன கணக்கை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விறகின் ஈரத்தைப் பார்க்காமல் கழுத்தை மட்டும் திருத்தினால் பாதிப் பலன்தான் கிடைக்கும். நானுஓயாப் பனியில் தகரக் கொட்டிலுக்குள் இரண்டு கிழமை வைத்த மிலாறு உலர்ந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. கையில் ஒடித்தால் சடக்கென்று ஒடியும், உள்ளே ஈரம் இருக்கும். தேயிலைக் குச்சியின் பட்டையில் பாசி பிடித்திருப்பதால் அது மேலும் நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது.

ஊகிக்க வேண்டாம், நிறுத்துப் பாருங்கள். நூறு கிராம் குச்சியைப் பிளந்து, அடுப்பின் ஓரத்தில் கருகாமல் சூடாக்கி, இனி எடை குறையாது என்ற நிலை வரும்வரை நிறுத்துக்கொண்டே இருங்கள். 80 கிராமுக்கு மேல் நின்றால்தான் உலைக்குள் போடலாம். 70 இல் நின்றால் ஒவ்வொரு கிலோ விறகோடும் 300 கிராம் நீரை ஊற்றுகிறீர்கள் என்று பொருள்; அந்த நீரை ஆவியாக்கும் வெப்பம் முழுவதும் கழுத்திலிருந்துதான் போகிறது.

எங்கள் பக்கம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் வைகாசியிலிருந்து மாதக்கணக்கில் வெயிலைப் பார்க்க முடியாது. அதே நாட்களில் ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும். பண்டாரவளை ஐயாவுக்கு இந்தக் கவலை குறைவு. மேற்குச் சரிவில் இருப்பவர்கள் தை முதல் பங்குனி வரையுள்ள வெயிலில் ஆண்டுக்கு வேண்டிய விறகை வெட்டி உலர்த்தி, சுவர் படாமல், காற்றோட்டமாக அடுக்கி வைத்தாக வேண்டும். அதற்குப் பிறகும் போடுவதற்கு முதல்நாள் வீட்டு அடுப்புக்கு மேலுள்ள பரணில் வைத்து எடுப்பது என் வழக்கம். எஞ்சின் புகைக்குழாயின் சூட்டை ஒரு பெட்டிக்குள் விட்டு உலர்த்தவும் முயன்று வருகிறேன். அது இன்னும் சீராகவில்லை.

மிலாறைப் பற்றி ஒரு சொல். இலையையும் மெல்லிய சிம்புகளையும் மலையிலேயே விட்டுவிடுங்கள். அவை உலையில் சாம்பலாகவும் தூளாகவும் அடைத்துக்கொள்ளும், மண்ணுக்கோ அவைதான் உணவு.

ஹப்புத்தளை

எனக்குத் தோன்றுவது வேறு வழி. ஒரு கிலோவாற்று அளவிலான சிறு எஞ்சினுக்கு விறகு உலையே பொருத்தமில்லை; கரி உலைதான் சரி என்பது நான் இரண்டையும் செய்து பார்த்துவிட்டு வந்த முடிவு. கரியில் தார் அநேகமாக இல்லை, அது கரி ஆக்கும்போதே வெளியேறிவிட்டது. கழுத்து வேண்டாம், ஐந்து நொசில் வேண்டாம். பக்கவாட்டில் ஒரே ஒரு நொசில், எதிர்ப்பக்கத்தில் வாயு வெளியேறும் வழி, அவ்வளவுதான். காற்றோடு துளித்துளியாக நீரை விட்டால் ஐதரசன் கூடும், நொசிலின் முனையும் குளிர்ந்திருக்கும். பெரும்பாலும் கரித்தூளை மட்டும் பிடிக்கும் துணி வடிகட்டியே போதும். நான் வால்வைக் கழற்றி ஒன்றரை ஆண்டு ஆகிறது.

பண்டாரவளை, ஓய்வுபெற்ற பேக்டரி மெக்கானிக்

ஹப்புத்தளை நண்பர் சொல்வதில் உண்மை இருக்கிறது, எஞ்சினுக்கு அது பாதுகாப்பான வழி என்பதை மறுக்க மாட்டேன். ஆயினும் ஒரு கிலோ கரி ஆக்குவதற்கு நம்முடைய குழிமுறையில் ஐந்து கிலோ விறகுக்குக் குறையாமல் போகிறது. ஒரு கிலோ கரி இந்த எஞ்சினை ஒரு மணித்தியாலம் ஓட்டும். நேரடியாக விறகைப் போட்டால் இரண்டரைக் கிலோவில் முடியும் வேலைக்கு இரண்டு மடங்கு விறகு. அத்தோடு கரி ஆக்கும்போது எழும் புகை லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகிறது என்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். விறகை விலைக்கு வாங்குபவருக்கும், குடியிருப்புகளுக்கு நடுவில் இருப்பவருக்கும் கரி வழியை நான் சொல்ல மாட்டேன்.

தம்பியிடம் இருப்பது மிலாறு என்பதால்தான் விறகு உலையிலேயே நிற்கச் சொல்கிறேன். கழுத்து சிறிதானால் விறகுத் துண்டும் சிறிதாக வேண்டும். பெரிய மரத்தைப் பெருவிரல் அளவுக்குப் பிளப்பது பெரும்பாடு, பலர் அங்கேதான் கைவிடுகிறார்கள். தேயிலைக் குச்சியோ பிறக்கும்போதே அந்தப் பருமனில் இருக்கிறது. பருமன் ஒன்றரைச் சென்ரிமீற்றருக்கு மேற்போகாத குச்சிகளைப் பொறுக்கி, நீளத்தை மட்டும் ஒன்றரை, இரண்டு சென்ரிமீற்றராக வெட்டினால் போதும். சாண் நீளக் குச்சிகள் குழாய்க்குள் ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே விழுந்து பந்தல் போட்டுக்கொள்கின்றன. நீங்கள் சொன்ன பள்ளம் அப்படித்தான் உண்டாகிறது.

உள்ளே நடப்பதை வெளியிலிருந்து அறிய, ஒளிபுகும் பிளாஸ்ரிக் குழாயை U வடிவில் வளைத்து, பாதி நீர் நிரப்பி, ஒரு முனையை உலைக்கும் வடிகட்டிக்கும் இடையில் பொருத்துங்கள். இரு பக்க நீர்மட்டத்தின் இடைவெளி மெல்ல மெல்லக் கூடினால் கரித்தூள் அடைக்கிறது, தட்டை அசைக்க வேண்டும். திடீரெனக் குறைந்தால் விறகு சிக்கி அடியில் பள்ளம் விழுந்துவிட்டது. எஞ்சின் திணறுவதற்கு முன்பே நீர் சொல்லிவிடும்.

கம்பளை

வடிவமைப்பைப் பற்றி நான் கூட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பட்டறை "வீட்டை ஒட்டியது" என்று படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

இந்த வாயுவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு காபனோரொட்சைட்டு. அதற்கு நிறமோ மணமோ இல்லை. இரத்தத்தில் ஒட்சிசன் பிடிக்க வேண்டிய இடத்தை அது இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வலுவோடு பிடித்துக்கொள்கிறது. காற்றில் ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே சில மணித்தியாலத்தில் உயிரைப் பறிக்கும். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, மழைக்காக ஒரு பக்கம் மட்டும் திறந்த கொட்டிலுக்குள் என் உலையைத் தள்ளி வைத்து ஓட்டினேன். தலை கனத்தது, காலையில் சாப்பிடாததால் என்று நினைத்தேன். சற்று நேரத்தில் முழங்கால் மடங்கி விழுந்தேன். என் மனைவி வெளியே இழுத்துப் போட்டிராவிட்டால் இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். எஞ்சின் ஓடும்போது வாயு உள்ளிழுக்கப்படுவதால் கசிவு குறைவு. மூட்டும்போதும், நிறுத்திய பிறகும்தான் கசிகிறது. நிறுத்தியதும் காற்று வழி அனைத்தையும் அடைத்துவிடுங்கள், சூடு ஆறும்வரை மூடியைத் திறக்காதீர்கள். சுவரே இல்லாத, கூரை மட்டும் உள்ள இடத்தில், பிள்ளைகள் உறங்கும் காம்பராவிலிருந்து தொலைவில் வையுங்கள்.

மூடியை ஆணி போட்டு இறுக்காமல், ஒரு வில்லின் இழுப்பில் மட்டும் மூடியிருக்கும்படி செய்யுங்கள். உள்ளே காற்று கசிந்து தீப்பற்றி வெடித்தாலும் மூடி தூக்கி வழிவிட்டு மறுபடி அமர்ந்துவிடும். இன்னொரு சிலிண்டரை வெட்டுவதாக இருந்தால், வால்வைக் கழற்றிவிட்டு, விளிம்புவரை நீர் நிரப்பிய பிறகே கிரைண்டரைத் தொடுங்கள்.

வாயு குளிரும்போது வடியும் கறுப்பு நீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அதில் தாரும் பீனோல் வகைகளும் கலந்திருக்கின்றன. மலையில் எங்கே ஊற்றினாலும் அது கீழே ஓடி, யாரோ ஒருவருடைய பீலியில்தான் (மலைநீர் விழும் குழாயில்தான்) சேரும். கீழ் லயத்துப் பெண்கள் அந்தப் பீலியில்தான் குடம் வைக்கிறார்கள். அதை ஒரு வாளியில் பிடித்து, மரத்தூளில் ஊறவைத்து, உலர்த்தி, மறுபடி உலையிலேயே போட்டு எரித்துவிடுவது என் வழக்கம்.

நானுஓயா இரும்புப் பட்டறை

பதில் எழுதிய எல்லோருக்கும் நன்றி. ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன்.

முதலில் ஈரத்தை நிறுத்துப் பார்த்தேன். நூறு கிராம் 69 இல் வந்து நின்றது. மஸ்கெலியா நண்பர் கண்ணால் பார்த்ததுபோல் சொல்லியிருக்கிறார். பரணில் பத்து நாள் வைத்து எடுத்த குச்சி 84 இல் நிற்கிறது. கழுத்தை 3.5 சென்ரிமீற்றராகத் தீக்களிமண்ணில் வார்த்தேன். முதல் வார்ப்பு அவசரமாகச் சூடாக்கியதால் வெடித்துவிட்டது. இரண்டாவதை ஒரு கிழமை நிழலில் ஆறவிட்டு, சிறு தீயில் இரண்டு நாள் சுட்டுப் பிறகு பொருத்தினேன். இதுவரை விரிசல் இல்லை. நொசில்கள் பண்டாரவளை ஐயா சொன்ன அளவிலேயே ஐந்து. சுற்றிலும் சாம்பல் நிரப்பினேன். உலையைப் பட்டறையிலிருந்து எடுத்து, பின்பக்க வாய்க்காலுக்கு மேலே, நான்கு கம்பமும் கூரையும் மட்டும் உள்ள இடத்துக்கு மாற்றிவிட்டேன். கம்பளை அண்ணன் எழுதியதைப் படித்த அன்று இரவே என் மனைவி அதைச் செய்ய வைத்துவிட்டார்.

வாயுவின் முன்னால் வெள்ளைத் துணியை ஐந்து நிமிடம் பிடித்துப் பார்த்தேன். முன்பு பழுப்புப் பசை ஒட்டும். இப்போது உலர்ந்த சாம்பல் நிறக் கறை மட்டும் விழுகிறது, விரலால் தட்டினால் உதிர்ந்துவிடுகிறது. மொத்தம் பதினொரு மணித்தியாலம் ஓடிய பிறகு வால்வைக் கழற்றினேன். தண்டு வழுவழுப்பாக, ஒட்டாமல் இருந்தது. ஒரு சிறிய கிரைண்டரும் நான்கு விளக்கும் சேர்ந்து எரிகின்றன. வெல்டிங் இயந்திரத்தை அது தாங்காது என்பதை ஒருமுறை பார்த்தே தெரிந்துகொண்டேன்.

விறகு சிக்குவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. நீர்க்குழாய் அதைக் காட்டிக் கொடுக்கிறது. பார்த்தவுடன் குழாயின் பக்கத்தில் மரச்சுத்தியலால் தட்டினால் இறங்கிவிடுகிறது. கவனித்த வரையில், மூன்று சென்ரிமீற்றருக்கு மேற்பட்ட துண்டுகள் கலந்த நாட்களில்தான் சிக்குகிறது. கத்தியால் கையளவில் வெட்டும்போது நீளம் ஒழுங்காக வருவதில்லை, ஒரு மணித்தியால ஓட்டத்துக்கு வேண்டிய விறகை வெட்ட ஒன்றரை மணித்தியாலம் ஆகிறது. தேய்ந்த கவ்வாத்துக் கத்தி ஒன்றைக் கீல் வைத்துக் காலால் மிதித்து வெட்டும்படியாகவும், இரண்டு சென்ரிமீற்றரில் ஓர் இரும்புத் தடுப்பு வைத்துப் பத்துக் குச்சிகளை ஒரே கட்டாகத் தள்ளி வெட்டும்படியாகவும் செய்து கொண்டிருக்கிறேன். கத்தியின் வளைவு குச்சிக் கட்டைப் பக்கவாட்டில் தள்ளிவிடுகிறது; நேரான அலகாக அடித்தால் மிதிக்கும் விசை கூடுகிறது. இதுபோன்ற வெட்டுக்கத்தி செய்தவர்கள் இருந்தால், அலகை எந்தச் சாய்வில் வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.